சுவரில் உள்ள சுவிட்சும் கையில் உள்ள பேசியும்

(பள்ளியின் பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழாவில் பேச வருகிறவர்கள் கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவது வழக்கம். அதைச் சொல்ல என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இந்த மேடையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். நான் வீடுகளுக்கு மின்கம்பி போடுகிறவன். ஏணியும் டெஸ்டரும் ஸ்குரூடிரைவரும்தான் என் சொத்து. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன். இப்போது எங்கே பார்த்தாலும் 'விவேக வீடு', 'ஸ்மார்ட் ஹோம்' என்கிறார்கள். ஆள் வந்தால் விளக்கு எரிகிறது. போனால் அணைகிறது. கைப்பேசியைத் தட்டினால் ஏர்கோன் ஓடுகிறது. இவை எப்படி வேலை செய்கின்றன, யாருக்காக வேலை செய்ய வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கு மட்டும் இன்று விடை தேடுவோம்.

முதலில் ஒரு சிறு வரலாறு. நம் நாட்டில் மின்சாரம் முதன்முதலில் பயன்பட்டதாகப் பதிவாகி இருப்பது 1894இல், சிலாங்கூரில் உள்ள ரவாங்கில். ஈயச் சுரங்க வேலைக்காக அங்கே ஒரு மின்னாக்கியை நிறுவியவர்கள் இருவர். ஒருவர் லோக் இயூ. இன்னொருவர் யார் தெரியுமா பிள்ளைகளே? பத்துமலை முருகன் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமி பிள்ளை! நம் நாட்டு மின்சார வரலாற்றின் முதல் பக்கத்திலேயே ஒரு தமிழர் பெயர் இருக்கிறது. இதை நாம் மறந்துவிடக் கூடாது.

ஆனால் அந்த வெளிச்சம் நம் லயத்து வீடுகளுக்கு வந்து சேர வெகு காலம் பிடித்தது. இங்கே அமர்ந்திருக்கும் தாத்தா பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்து என்ஜின் ஓடும் வரைதான் விளக்கு. இரவில் குறித்த நேரத்தில் என்ஜினை நிறுத்தினால் லயம் முழுவதும் இருட்டு. பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். பிள்ளைக்குக் காய்ச்சலா, பாட்டிக்கு மூச்சு முட்டுகிறதா, என்ஜினுக்கு அது தெரியாது. விளக்கு நம் வீட்டில் இருந்தது. அதன் சுவிட்சு வேறொருவர் கையில் இருந்தது. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய விவேக வீட்டைப் பற்றி நான் சொல்லப்போவதற்கு இதுதான் அளவுகோல்.

சரி, ஒரு வீட்டுக்கு அறிவு வருவது எப்படி? மனிதனுக்கு இருப்பதுபோல அதற்கும் மூன்று உறுப்புகள் வேண்டும். பார்க்க ஒரு கண், யோசிக்க ஒரு மூளை, செய்ய ஒரு கை. கண்ணுக்குப் பெயர் உணரி. கடையில் போய் 'சென்சார்' என்று கேட்டால் கொடுப்பார்கள். மூளை என்பது ஒரு சிறிய பெட்டி. கை என்பது விளக்கின் மின்சாரத்தைச் சேர்த்தும் பிரித்தும் விடும் சுவிட்சு. இவ்வளவுதான். மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை.

உணரிகளில் மிக எளிமையானது கதவில் ஒட்டுவது. கதவில் ஒரு சிறு காந்தம், நிலையில் ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் தலைமயிர் போன்ற இரண்டு உலோகத் தகடுகள். காந்தம் அருகில் இருக்கும்போது இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கதவைத் திறந்தால் காந்தம் விலகும், தகடுகள் பிரியும். 'கதவு திறந்தது' என்று மூளைக்குச் செய்தி போகும்.

அடுத்தது ஆள் நடமாட்டத்தை அறியும் உணரி. நம் உடம்பிலிருந்து எந்நேரமும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் வெளியே போய்க்கொண்டிருக்கிறது. இந்த உணரியின் முகத்தில் வரிவரியாக ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும். அது வெறும் மூடி அல்ல. அறையைப் பல பட்டைகளாகப் பிரித்துப் பார்க்கும் வில்லை. வெப்பமான ஓர் உடம்பு ஒரு பட்டையிலிருந்து இன்னொரு பட்டைக்கு நகர்ந்தால், 'யாரோ அசைகிறார்கள்' என்று அது கண்டுகொள்ளும். வெளிநாட்டிலிருந்து இதை வாங்கி மாட்டுகிறோம். ஆனால் நம் ஊர்ச் சூட்டை மறந்துவிடுகிறோம். பிற்பகலில் வீட்டுச் சுவரே 33, 34 டிகிரிக்கு ஏறிவிட்டால், உடம்புக்கும் சுவருக்கும் வேற்றுமை குறைந்துபோகும். அப்போது உணரி தடுமாறும். 'சாமான் கெட்டுப்போச்சு' என்று திட்டாதீர்கள். இரவில் சரியாகவே வேலை செய்யும்.

இன்னொன்றும் உண்டு. இந்த உணரி அசைகிறவரை மட்டுமே காணும். நாற்காலியில் ஆடாமல் உட்கார்ந்து பாடம் படிக்கிறவரைக் காணாது. பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போதே விளக்கு அணைந்துவிடும்! அசையாமல் இருப்பவரையும் அறிய ரேடார் உணரி வந்திருக்கிறது. மூச்சு விடும்போது மார்பு ஏறி இறங்குவதைக்கூட அது கண்டுபிடிக்கும். ஆனால் அதே ரேடார், தலைக்கு மேலே சுற்றும் விசிறியையும் ஆடும் திரைச்சீலையையும் ஆள் என்று நினைத்துக்கொள்ளும். ஆகவே எதை எங்கே மாட்டுவது என்பதில்தான் வேலைக்காரரின் திறமை இருக்கிறது.

இந்தக் கண்கள் மூளையுடன் எப்படிப் பேசுகின்றன? கம்பி இல்லாமல், வானொலி அலையில் பேசுகின்றன. சில சாமான்கள் வீட்டு வைபை வழியாகப் பேசும். சில 'சிக்பி' என்ற முறையில் பேசும். தேனீக்கள் வளைந்து வளைந்து ஆடிச் செய்தி சொல்வதை வைத்து அதற்கு அந்தப் பெயர். விளையாட்டுப் போட்டியில் அஞ்சலோட்டம் ஓடுகிறீர்கள் அல்லவா? முதல் ஆள் குச்சியை இரண்டாம் ஆளிடம் கொடுப்பார், அவர் மூன்றாம் ஆளிடம் கொடுப்பார். அதேபோல் சமையலறை உணரியின் செய்தியை நடையில் உள்ள சுவிட்சு வாங்கிக் கூடத்துப் பெட்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆனால் பேட்டரியில் ஓடும் உணரிகள் இந்த ஓட்டத்தில் குச்சி வாங்குவதில்லை. நேரடி மின்சாரத்தில் ஓடுபவையே வாங்கிக் கொடுக்கும். நம் செங்கல் சுவர்கள் அலையைக் குறைத்துவிடும் என்பதால் இடையிடையே அத்தகைய சாமான் ஒன்று இருப்பது நல்லது.

இனி மூளைக்கு வருவோம். இங்கேதான் மாணவச் செல்வங்களே, உங்கள் தமிழ் இலக்கணப் பாடம் கை கொடுக்கப் போகிறது.

வந்தால், போனால், இருந்தால் என்று சொல்கிறோம். அந்தக் கடைசி 'ஆல்' ஒரு நிபந்தனை. 'மழை பெய்தால் குடை பிடி.' மழை காரணம், குடை காரியம். விவேக வீட்டின் மூளைக்கு நாம் எழுதிக் கொடுப்பதெல்லாம் இந்த 'ஆல்' வாக்கியம்தான். இத்துடன் 'உம்', 'அல்லது', 'இல்லாவிட்டால்' என்ற மூன்றையும் சேர்த்துக்கொண்டால் வீடு முழுவதையும் நடத்தலாம். ஆனால் வாக்கியத்தில் ஓட்டை இருந்தால் வீடு அந்த ஓட்டையில் விழும். மனிதன் குறிப்பறிந்து நடப்பான், இயந்திரம் சொன்னதை மட்டும் செய்யும்.

சோதித்துப் பார்ப்போமா? உங்கள் பாட்டிக்காக ஒரு விதி எழுதுவோம். பாட்டி நடுராத்திரியில் எழுந்து குளியலறைக்குப் போகிறார். இருட்டில் சுவரைத் தடவித் தடவிச் சுவிட்சைத் தேடுகிறார். வயதான காலத்தில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பழையபடி நடப்பது எவ்வளவு கடினம் என்பதைப் பெரியவர்கள் அறிவீர்கள். ஆகவே இது விளையாட்டு விதி அல்ல.

"பாட்டி எழுந்தால் விளக்கு எரியட்டும்." சரியா? சரியில்லை. வீட்டுக்குப் பாட்டி யார் என்று தெரியாது. எழுவது என்றால் என்ன என்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது அசைவு ஒன்றுதான். எனவே உணரியைக் கட்டிலுக்குக் கீழே, பாட்டி கால் வைக்கும் பக்கம் பார்த்து மாட்ட வேண்டும். படுக்கையில் புரண்டால் அது காணாது. தரையில் பாதம் பட்டால் காணும்.

"கட்டிலடியில் அசைவு தெரிந்தால் விளக்கு எரியட்டும்." இப்போது சரியா? பட்டப்பகலில் பேத்தி பந்தை எடுக்கக் குனிந்தாலும் எரியுமே! எனவே 'உம்' சேர்க்கிறோம். "இருட்டாகவும் இருந்து, அசைவும் தெரிந்தால் எரியட்டும்." நல்ல வாக்கியம்போல் தோன்றுகிறது. ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. விளக்கு எரிந்தவுடன் அறை இருட்டாக இல்லையே! பாட்டி திரும்பி வந்து கால் வைக்கும்போது, 'இங்கேதான் வெளிச்சம் இருக்கிறதே' என்று வீடு சும்மா இருந்துவிடும். முன்பு எரிந்தது நேரம் முடிந்து அணைந்துபோகும். ஆகவே இருட்டைக் கேட்காமல் மணியைக் கேட்பதே நல்லது. "இரவு 10 மணிக்கும் காலை 7 மணிக்கும் இடையில் கட்டிலடியில் அசைவு தெரிந்தால், நடையிலும் அறையிலும் விளக்கு எரியட்டும்."

எப்போது அணைய வேண்டும்? "அசைவு நின்றால் அணையட்டும்" என்று எழுதினால் பெருந்தவறு. பாட்டி குளியலறைக்குள் இருக்கிறார். அறையில் அசைவு இல்லை. விளக்கு அணைந்துவிடும். அவர் கதவைத் திறந்தால் எதிரே இருட்டு. எனவே, "அறையிலும் நடையிலும் 15 நிமிடம் தொடர்ந்து அசைவு இல்லாவிட்டால் அணையட்டும்" என்று எழுதுவோம். நடையிலும் ஓர் உணரி வைத்துவிட்டால் திரும்பி வரும் காலடிக்கு அது மறுபடி விளக்கைப் போடும்.

குளியலறை விளக்குக்கு என்ன விதி? நான் சொல்வேன், அதற்கு விதியே வேண்டாம். விடிய விடிய எரியட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9 வாட் எல்.இ.டி. விளக்கு, இரவுக்கு 9 மணி நேரம், மாதத்துக்கு 30 நாள். பெருக்கினால் 2,430 வாட் மணி, அதாவது இரண்டரை யூனிட்டுக்கும் குறைவு. பாட்டியின் இடுப்பெலும்புக்கு அது ஒரு விலையா? எல்லாவற்றையும் தானியக்கம் ஆக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எது வேண்டாம் என்று தெரிந்திருப்பதும் விவேகம்தான்.

வாசல் விளக்கும் அப்படியே. ஐரோப்பாவில் கோடையில் சூரியன் இரவு வெகுநேரம் வரை மறையாது, குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே மறைந்துவிடும். அங்கே அதைக் கணக்கிட ஒரு மூளை வேண்டும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையில் மறைந்துவிடுகிறது. 1982 ஜனவரி முதல் நாளன்று தீபகற்பத்தின் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்களே, அதற்கு முன்பு ஆறரைக்கும் ஏழுக்கும் இடையில் மறைந்தது. ஆகவே வாசல் விளக்குக்கு ஒரு சாதாரண நேரக்கருவி போதும். மாலை 7 மணிக்கு எரிந்து, காலை ஏழரைக்கு அணையட்டும். விலையுயர்ந்த உணரி எதற்கு?

விளக்கின் ஒளியைப் பற்றியும் ஒரு சொல். எல்.இ.டி.யில் வெள்ளை ஒளி கிடைப்பதற்கு நீல ஒளி தரும் எல்.இ.டி. வேண்டியிருந்தது. அதைக் கண்டறிந்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. பழைய 60 வாட் குண்டு பல்பு கொடுத்த வெளிச்சத்தை இன்று ஏறக்குறைய 9 வாட்டில் பெறுகிறோம். விளக்குப் பெட்டியின்மேல் 2700 அல்லது 6500 கெல்வின் என்று எழுதியிருக்கும். 2700 என்றால் மஞ்சள் கலந்த இதமான ஒளி. 6500 என்றால் பளீரென்ற வெள்ளை ஒளி. பிள்ளைகள் படிக்கும் மேசைக்கு வெள்ளை பொருத்தம். நடுராத்திரி பாட்டிக்கு மஞ்சள், அதுவும் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம், தரைக்கு அருகில். கண்ணைக் கூசச் செய்யும் வெளிச்சமும் ஒருவகை இருட்டுதான்.

பெற்றோர்களே, இனி நான் சொல்வதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாமானில் உள்ள வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருக்கிறார். மகன் சிங்கப்பூரில் வேலை. தாயின்மேல் உயிரையே வைத்திருக்கும் பிள்ளை. விடுமுறைக்கு வந்தபோது வீடு முழுவதும் விவேக பல்புகளை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் அந்தப் பல்புக்கு மின்சாரமே போகாது. மின்சாரம் போகாவிட்டால் அது கைப்பேசியின் பேச்சைக் கேட்காது. அதனால் எல்லாச் சுவிட்சின் மீதும் செலோடேப் ஒட்டி, 'தொடாதீர்கள்' என்று எழுதி வைத்திருந்தார். ஒரு நாள் இணையத் தொடர்பு அறுந்துபோனது. மறுநாள் கைப்பேசியும் எங்கேயோ விழுந்து உடைந்துபோனது. அந்த அம்மா மூன்று இரவுகள் சாமி விளக்கு வெளிச்சத்தில் இருந்திருக்கிறார்.

நான் போனதும் அவர் சொன்னது இது: "தம்பி, இதெல்லாம் நல்லாத்தாம்பா இருக்கு. மவன் ஆசப்பட்டு வாங்கிப் போட்டது. கொற சொல்லல. ஆனா என் வூட்டு லைட்ட நானே போட முடியலியே. பழைய சுவிச்ச மாட்டிக் குடுத்துட்டுப் போப்பா."

தோட்டத்து என்ஜின் நின்றதும் லயம் இருண்டதே, அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சுவிட்சு மறுபடியும் வேறு எங்கேயோ போய்விட்டது. மகன் கையில்கூட இல்லை, எங்கோ இருக்கும் ஒரு கணினியின் கையில்.

இதற்கு மாற்று உண்டு. அந்த வீட்டில் அதைத்தான் செய்தேன். பல்பை விவேகமாக்காமல் சுவரில் உள்ள சுவிட்சை விவேகமாக்க வேண்டும். விவேகச் சுவிட்சு பார்ப்பதற்குப் பழைய சுவிட்சைப் போலவே இருக்கும். கையால் அழுத்தினாலும் விளக்கு எரியும், கைப்பேசியிலும் எரியும், உணரி சொன்னாலும் எரியும். இணையம் போனாலும் கையால் அழுத்துவதற்குத் தடை இல்லை. பல்பு பழுதானால் அந்த அம்மாவே பக்கத்துக் கடையில் சாதாரணப் பல்பு வாங்கி மாட்டச் சொல்லலாம். மூளைப் பெட்டியும் வீட்டுக்குள்ளேயே கணக்குப் போடும் வகையாக இருக்க வேண்டும். கட்டிலிலிருந்து விளக்குக்குப் போக வேண்டிய செய்தி ஏன் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வர வேண்டும்?

ஆனால் ஓர் இடையூறு. நம் பழைய வீடுகளில் பெரும்பாலும் சுவிட்சுப் பெட்டிக்குள் லைவ் கம்பி மட்டும் வந்து போகும். நியூட்ரல் கம்பி நேரே விளக்குக்குப் போய்விடும். விவேகச் சுவிட்சுக்கு உள்ளே ஒரு சிறு மூளை எப்போதும் விழித்திருக்க வேண்டும், அதற்கு நியூட்ரலும் தேவை. நியூட்ரல் வேண்டாத வகையும் கடையில் கிடைக்கிறது. அது விளக்கின் வழியாகவே சிறிது மின்சாரத்தைக் கசியவிட்டு உயிர் வாழும். அதனால் சில எல்.இ.டி. விளக்குகள் அணைத்த பிறகும் மங்கலாக எரியும், அல்லது கண் சிமிட்டும். 'வீட்டில் பேய் இருக்கிறது' என்று என்னைக் கூப்பிட்டவர்களும் உண்டு! பேய் இல்லை, கசிவுதான். விளக்கின் பக்கத்தில் ஒரு சிறு கெப்பாசிட்டரை இணைத்தால் சரியாகிவிடும். புதிய வீடு கட்டுகிறவர்கள், பழைய வீட்டுக்குப் புதிதாகக் கம்பி போடுகிறவர்கள், ஒவ்வொரு சுவிட்சுப் பெட்டிக்கும் நியூட்ரல் கம்பியைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். அப்போது செலவு சிறிது. பின்னால் சுவரை உடைத்தால் பெரிது.

அடுத்து, காசுக் கணக்கு. 'இதையெல்லாம் மாட்டினால் கரண்டு பில்லு குறையுமா?' என்று எல்லோரும் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விளக்கால் அதிகம் குறையாது. விவேகச் சாமான் ஒவ்வொன்றும் சும்மா இருக்கும்போதே சுமார் அரை வாட் தின்னும் என்று வைத்துக்கொள்வோம். இருபது சாமான் இருந்தால் 10 வாட். இரவும் பகலும் மாதம் 720 மணி நேரம் ஓடினால் 7.2 யூனிட். சற்றுமுன் பார்த்தோமே, விடிய விடிய எரியும் குளியலறை விளக்கு, அதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு! உண்மையான மிச்சம் ஏர்கோனில் இருக்கிறது. ஒரு குதிரைத்திறன் கொண்ட பழைய ஏர்கோன் சுமார் 800 வாட் இழுக்கும். ஆள் இல்லாத அறையில் மூன்று மணி நேரம் மறதியாக ஓடினால் 2.4 யூனிட். அந்த விளக்கின் ஒரு மாதச் செலவு ஒரே மாலையில் போய்விட்டது. எனவே, "சன்னல் திறந்திருந்தால் ஏர்கோன் நிற்கட்டும்", "அரைமணி நேரம் அறையில் ஆள் இல்லாவிட்டால் நிற்கட்டும்" என்ற இரண்டு விதிகள் போதும். முன்பு சொன்ன கதவுக் காந்தமும் ரேடாரும் இங்கே காசு சம்பாதித்துக் கொடுக்கும்.

காசைவிடப் பெரியது உயிர். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். யூடியூப் பார்த்துவிட்டுச் சுவிட்சுப் பெட்டியைத் திறக்காதீர்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிடுங்கள். சாமானில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். குளியலறை வாட்டர் ஹீட்டரை விவேக பிளக்கில் ஒருபோதும் மாட்டாதீர்கள். 3,600 வாட் ஹீட்டர் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அந்தச் சின்னப் பிளக்கோ 10 அல்லது 13 ஆம்பியர்தான் தாங்கும். முதலில் சூடாகும், பிறகு உருகும், அப்புறம் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டு டி.பி. பெட்டியில் 'டி' என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கும். அது இ.எல்.சி.பி.யின் சோதனைப் பொத்தான். மின்சாரம் கசிந்தால் நம்மைக் காப்பாற்றுவது அந்தக் கருவிதான். வாட்டர் ஹீட்டர் போன்ற ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியரிலேயே துண்டித்துவிடும் கருவி வேண்டும் என்பது நம் நாட்டு விதி. மாதம் ஒருமுறை அந்தப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். டப்பென்று விழ வேண்டும். விழாவிட்டால் விவேக வீட்டுக்குச் சேர்த்து வைத்திருக்கும் பணத்தை முதலில் அதற்குச் செலவிடுங்கள். இடி மின்னலுக்குப் பேர்போன நாடு இது. மின்னல் பாய்ச்சலைத் தாங்கும் தடுப்பான் ஒன்றும் டி.பி. பெட்டியில் இருப்பது நல்லது. கரண்டு போய்த் திரும்பி வரும்போது விளக்குகள் 'முன்பு இருந்த நிலைக்கே திரும்பட்டும்' என்று அமைத்து வையுங்கள். இல்லாவிட்டால் அதிகாலை மூன்று மணிக்கு வீடு முழுவதும் கல்யாண வீடுபோல் எரியும்.

இன்னும் ஒன்று. தாயைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்குள் கேமரா மாட்டுகிறார்கள். மாட்டுவதற்கு முன் தாயிடம் கேட்டீர்களா? அவர் உடை மாற்றும் அறையா, அழும் அறையா என்று யோசித்தீர்களா? காலையில் எழுந்துவிட்டார் என்று அறிய கேமரா வேண்டியதில்லை. சமையலறைக் கதவில் ஒட்டிய காந்தமே சொல்லிவிடும். "காலை 9 மணிக்குள் சமையலறைக் கதவு திறக்காவிட்டால் மகனுக்கும் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் செய்தி போகட்டும்." படம் இல்லை, ஒலி இல்லை, மானமும் போகவில்லை. கேமராவே வேண்டும் என்றால் கடவுச்சொல்லையாவது மாற்றுங்கள். 2016இல் 'மிராய்' என்ற ஒரு தீய நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் இணையப் பெட்டிகளையும் இலட்சக்கணக்கில் தன்வசப்படுத்தியது. பூட்டு வாங்கிச் சாவியை அதிலேயே விட்டுவைத்தால் திருடனைக் குறை சொல்லிப் பயன் என்ன?

அந்தச் செய்தி வந்த பிறகு மகன் என்ன செய்கிறார் என்பதும் முக்கியம். 'கதவு திறந்துவிட்டது, அம்மா நலம்' என்று பேசியை மூடி வைத்துவிட்டால், உணரி தாயைப் பார்த்துக்கொள்கிறது, மகன் உணரியைப் பார்த்துக்கொள்கிறார். உணரிக்கு அசைவு தெரியும். அவர் சாப்பிட்டாரா என்று தெரியாது. அதைக் கேட்க ஒரு குரல் வேண்டும். அந்த வேலையை எந்தச் சாமானிடமும் விட வேண்டாம்.

ஆகவே விவேக வீடு அமைக்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கடைக்குப் போவதற்கு முன் வீட்டைச் சுற்றி வாருங்கள். இந்த வீட்டில் மிகவும் வலுவற்றவர் யார், அவர் எந்த நேரத்தில் எங்கே தடுமாறுகிறார் என்று பாருங்கள். அவருக்காக ஒரே ஒரு விதி எழுதுங்கள். ஒரு மாதம் ஓடட்டும். சரியாக இருந்தால் இரண்டாவது விதிக்குப் போகலாம். சாமான் வாங்கும்போது 2022 அக்டோபரில் வெளிவந்த 'மேட்டர்' என்ற பொது முறையைப் பேசக்கூடியதாகப் பார்த்து வாங்கினால், ஒரே நிறுவனத்தோடு கட்டுப்பட்டுக் கிடக்க வேண்டாம். வேலை முடிந்ததும் கைப்பேசியை அணைத்து, இணையத்தையும் பிடுங்கிவிட்டு, பாட்டியை நடந்து பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் அவர் கைக்கு விளக்கு எரிந்தால் அது விவேக வீடு. எரியாவிட்டால் அது வெறும் விலையுயர்ந்த வீடு.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்றிரவு படுக்கப் போகும்முன் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போய், "ராத்திரியில எங்க தாத்தா இருட்டா இருக்கு? எங்க பாட்டி பயமா இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு 'ஆல்' வாக்கியமாக நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். ஓட்டை இருக்கிறதா என்று நண்பனிடம் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். கணினிக்கு நிரல் எழுதுகிறவர்கள் செய்வதும் இதைத்தான். தெளிவாகத் தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு அந்த வேலை தூரத்தில் இல்லை.

ரவாங்கில் முதல் மின்னாக்கி ஓடிய காலத்தில் அதை நிறுவியவர்களில் ஒருவர் தமிழர். அதன் பிறகு பல ஆண்டுகள் நாம் வெளிச்சத்தை மற்றவர் நேரம் பார்த்து வாங்கிக்கொண்டிருந்தோம். இனி வரும் வீடுகளின் மூளையை எழுதுகிறவர்களாக நீங்கள் வர வேண்டும். அப்படி வரும்போது சுவரில் உள்ள அந்தச் சின்னச் சுவிட்சை மட்டும் யார் கையிலிருந்தும் பறித்துவிடாதீர்கள்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் பாராட்டு. இவ்வாண்டு பரிசு கிடைக்காத பிள்ளைகளுக்கு, அடுத்த ஆண்டுக்கான என் வாழ்த்து.